சங்கிலியை இழுத்தவர் காரணம் சொல்ல வேண்டும்

ரயில் பெட்டியில் ஏறிய எவரும் அபாயச் சங்கிலியைப் பார்த்திருப்பார்கள். அதன் பக்கத்தில் எழுதியிருக்கும் எச்சரிக்கையையும் படித்திருப்பார்கள். ஆபத்து நேரத்தில் இழுப்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. இழுத்தால் வண்டி நிற்கும். நின்றதும் கார்டு இறங்கி, எந்தப் பெட்டியில் இழுக்கப்பட்டது என்று பார்த்துக்கொண்டே வருவார். "யார் இழுத்தது? எதற்காக இழுத்தீர்கள்?" என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. குழந்தை கீழே விழுந்துவிட்டது, பெட்டியில் புகை வந்தது என்று தக்க காரணம் சொன்னால் பிரச்னை இல்லை. காரணம் இல்லாவிட்டால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141-ஆவது பிரிவு காத்திருக்கிறது. ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஒரு சாதாரணப் பிரயாணிக்கு இவ்வளவு கண்டிப்பு இருக்கிறது. இது நியாயமான கண்டிப்புதான். ஒருவர் இழுத்தால் ஆயிரம் பேருடைய பயணம் தடைப்படுகிறது அல்லவா? ஆனால் அரசாங்கத்தின் கையிலும் ஓர் அபாயச் சங்கிலி இருக்கிறது. அதை இழுத்தால் ஆயிரம் பேருடைய பயணம் மட்டும் நிற்பதில்லை. கோடிக்கணக்கானவர்களின் பேச்சு நிற்கிறது, கூட்டம் நிற்கிறது, ஊர்வலம் நிற்கிறது, சில வேளைகளில் உயிரே நின்றுவிடுகிறது. அந்தச் சங்கிலியை இழுத்தவரிடம் "எதற்காக இழுத்தீர்கள்?" என்று கேட்பவர் யார்? கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் உண்டா? சுதந்திர இந்தியாவில் இன்னும் சரியான விடை காணப்படாத கேள்வி இது.

2025 ஜூன் 25-ஆம் தேதியுடன் நெருக்கடி நிலைப் பிரகடனத்துக்கு 50 ஆண்டுகள் நிறைந்தன. அந்த நாளை "அரசியல் சாசனப் படுகொலை தினம்" என்று ஆண்டுதோறும் அனுசரிக்கப்போவதாக மத்திய அரசு 2024 ஜூலையில் அறிவித்தது. நடந்த கொடுமைகளை மக்கள் மறக்கக்கூடாது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் நினைவு நாள் கொண்டாடுவது ஒன்று, கணக்குக் கேட்பது வேறொன்று. நினைவு நாளில் எதிர்க்கட்சியின் பழைய பாவங்களைப் படித்துக் காட்டினால் போதும். கணக்குக் கேட்பது என்று வந்தால், இன்று ஆட்சியில் இருப்பவரும், நாளை வரப்போகிறவரும், மத்தியில் இருப்பவரும், மாநிலத்தில் இருப்பவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதனால்தான் நினைவு நாளுக்கு இருக்கும் உற்சாகம் கணக்குக்கு இருப்பதில்லை.

கணக்கை எங்கிருந்து தொடங்குவது? 1975-லிருந்து தொடங்குவதுதான் வழக்கம். உண்மையில் அதற்கும் முன்பே தொடங்க வேண்டும். 1971 டிசம்பர் 3-ஆம் தேதி பாகிஸ்தானுடன் போர் மூண்டபோது, வெளிநாட்டுத் தாக்குதலைக் காரணம் காட்டி நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அதை யாரும் குறை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எல்லையில் குண்டு விழும்போது அரசாங்கத்துக்கு விசேஷ அதிகாரம் வேண்டியதுதான். டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. போர் 13 நாட்களில் முடிந்தது. ஆனால் போருக்காகப் போட்ட பிரகடனம் முடியவில்லை. அது 1977 மார்ச் 27-ஆம் தேதிதான் ரத்து செய்யப்பட்டது. 13 நாள் போருக்கு ஐந்தேகால் ஆண்டு நெருக்கடி நிலை!

இடையில் அந்த அதிகாரம் யார் மீது பாய்ந்தது என்பதை ரயில்வே குடும்பங்கள் நன்கு அறியும். 1974 மே 8-ஆம் தேதி நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் 17 லட்சம் தொழிலாளர்களின் போராட்டம் அது. போனஸ், எட்டு மணி நேர வேலை, பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கு இணையான சம்பளம், விலைவாசிக்கேற்ற பஞ்சப்படி ஆகியவையே கோரிக்கைகள். எந்தத் தொழிலாளியும் எந்த முதலாளியிடமும் கேட்கக்கூடிய கோரிக்கைகள்தாம் இவை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, மே 2-ஆம் தேதி, போராட்டத் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் லக்னோவில் கைது செய்யப்பட்டார். இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று அறிவிக்கப்பட்டது. எதிரி நாட்டுக்காக எழுதப்பட்ட விதிகளும், 1971-இல் வந்த மிசா சட்டமும், பிளாட்பாரத்தில் பச்சைக்கொடி காட்டுகிறவர் மீதும், புக்கிங் ஆபீசில் டிக்கெட் கொடுக்கிறவர் மீதும் திருப்பப்பட்டன.

ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். ரயில்வே காலனிகளில் குடும்பங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து வெளியேற்றப்பட்டன. ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் 14(2)-ஆவது பிரிவைக் காட்டி, விசாரணையே இல்லாமல் பலர் வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். வேலை தப்பியவர்களுக்கும் சர்வீஸில் முறிவு என்று பதிவு செய்யப்பட்டது. சர்வீஸ் முறிவு என்றால் என்ன என்பது குமாஸ்தாக்களுக்குத் தெரியும். இன்கிரிமென்ட், பிரமோஷன், பென்ஷன் என்று ஓய்வு பெறும் நாள் வரை நிழல்போலத் தொடர்ந்து வரும் தண்டனை அது. 20 நாட்களுக்குப் பிறகு, மே 28-ஆம் தேதி, வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது. வேலை இழந்தவர்கள் மீண்டும் உள்ளே வருவதற்கு 1977-இல் ஆட்சி மாற வேண்டியிருந்தது. அவர்கள் கேட்ட போனஸ், உற்பத்தியோடு இணைந்த போனஸ் என்ற பெயரில் 1979-80-ஆம் ஆண்டுக்கு வந்து சேர்ந்தது. கோரிக்கை நியாயமானது என்று பிறகு ஏற்றுக்கொண்டவர்கள், அதைக் கேட்டதற்காக அடித்தது தவறு என்று ஏற்றுக்கொண்டார்களா? இல்லை.

பாகிஸ்தானுக்காக எடுத்த அதிகாரத்தை ரயில்வே தொழிலாளி மீது ஏன் பிரயோகித்தீர்கள் என்று அப்போது நாடு உரத்துக் கேட்டிருந்தால், பின்னால் வந்தது வந்திருக்காது என்று சொல்ல முடியாவிட்டாலும், அவ்வளவு சுலபமாக வந்திருக்காது என்று நிச்சயமாகச் சொல்லலாம். 1974-இல் அது "தொழிலாளர் பிரச்னை" என்று ஒதுக்கப்பட்டது. வண்டி ஓடாததால் அவதிப்பட்டவர்கள், எப்படியோ வண்டி ஓடினால் சரி என்று எண்ணினார்கள். அடுத்த 13-ஆவது மாதத்தில் சங்கிலி எல்லாருக்குமாக இழுக்கப்பட்டது.

1975 ஜூன் 25-ஆம் தேதி இரவு, "உள்நாட்டுக் குழப்பம்" என்ற காரணத்தைச் சொல்லி ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். மந்திரிசபை அதற்கு முன் கூடவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு மந்திரிகளைக் கூட்டி விஷயம் சொல்லப்பட்டது. நாட்டின் மந்திரிகளே காலையில் எழுந்துதான் தெரிந்துகொண்டார்கள் என்றால், குடிமக்களின் நிலை என்ன? டில்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருந்த வட்டாரத்துக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. நீதிபதி ஷா கமிஷன் தந்த கணக்கின்படி, மிசாவில் 34,988 பேரும், பாதுகாப்பு விதிகளின் கீழ் 75,818 பேரும் சிறைப்பட்டார்கள்.

சிறைப்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். ஒன்பது ஐகோர்ட்டுகள் அவர்களுடைய மனுக்களை விசாரிக்கலாம் என்று சொல்லின. ஆனால் 1976 ஏப்ரல் 28-ஆம் தேதி, நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், அந்த வழியையும் சுப்ரீம் கோர்ட் அடைத்தது. நெருக்கடி நிலை நீடிக்கும் வரை ஆட்கொணர்வு மனுப்போட உரிமையில்லை என்பது தீர்ப்பு. எதிர்த்துத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவரே. அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதிப் பதவி 1977 ஜனவரியில் அவருக்குக் கீழே இருந்தவருக்குப் போயிற்று. பெரும்பான்மைத் தீர்ப்பு தவறு என்று சுப்ரீம் கோர்ட்டே தீர்த்துச் சொன்னது 2017-இல். நாற்பத்தோரு ஆண்டுகள் கழித்து வந்த திருத்தம்!

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31-ஆம் தேதி தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்ட மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். மேயராகவும் பார்லிமென்ட் உறுப்பினராகவும் இருந்த சிட்டிபாபு 1977 ஜனவரியில் உயிரிழந்தார். நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையில் அமைந்த விசாரணைக் கமிஷன் அந்தச் சிறையில் நடந்தவற்றை ஆராய்ந்து பதிவு செய்தது. அன்று சிறைக்கு வெளியே இருந்தவர்களுக்கு உள்ளே நடந்தது தெரியாது. தெரிந்த பத்திரிகைகள் எழுத முடியாது. தணிக்கை அதிகாரி கத்தரித்த பிறகு மிஞ்சியதுதான் செய்தி.

1977 தேர்தலில் மக்கள் தீர்ப்பளித்தார்கள். அதன் பிறகுதான் இந்தியா முதல் முறையாகக் கணக்குக் கேட்க உட்கார்ந்தது. ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் 1977 மே 28-ஆம் தேதி கமிஷன் அமைக்கப்பட்டது. 1978-இல் அது மூன்று அறிக்கைகள் தந்தது. நெருக்கடி நிலை கொண்டுவரும் அளவுக்குச் சட்டம் ஒழுங்கு சீர்குலைந்திருந்ததாக ஆதாரமே இல்லை என்பது அதன் முக்கியமான முடிவு. யார் உத்தரவிட்டார்கள், யார் வாய்மொழியாகச் சொன்னார்கள், எந்த அதிகாரி முன்தேதியிட்டுக் காகிதம் தயாரித்தார் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ஆனால் கமிஷன் முன் வந்த திருமதி இந்திரா காந்தி சத்தியப் பிரமாணம் செய்து சாட்சி சொல்ல மறுத்துவிட்டார். சங்கிலியை இழுத்த கை காரணம் சொல்ல மறுத்த காட்சி அது.

பிறகு என்ன நடந்தது? குற்றம் செய்தவர்களை விசாரிக்க 1979-இல் விசேஷ நீதிமன்றச் சட்டம் வந்தது. அது வேலை செய்யத் தொடங்குவதற்குள் ஜனதா ஆட்சியே கவிழ்ந்தது. 1980-இல் திருமதி காந்தி மீண்டும் பிரதமரானார். வழக்குகள் ஒன்றுமில்லாமல் போயின. ஷா கமிஷன் அறிக்கையோ கண்ணில் படாமலே மறைந்தது. அதைத் தேடியெடுத்து, 2010-இல் மீண்டும் புத்தகமாக வெளியிட்டவர் ஒரு தமிழர் என்பதில் நாம் பெருமைப்படலாம். நீண்ட காலம் பார்லிமென்டில் பணியாற்றிய இரா. செழியன் அவர்கள்தாம் அந்தக் காரியத்தைச் செய்தார். அரசாங்கம் காக்க வேண்டிய கணக்குப் புத்தகத்தை, முதிய வயதில் ஒரு தனிமனிதர் காப்பாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது பெருமைக்குப் பின்னால் நிற்கும் வெட்கம்.

ஒரு நல்ல காரியம் நிலைத்தது. 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் அந்தச் சங்கிலிக்கு ஒரு பூட்டுப் போட்டது. "உள்நாட்டுக் குழப்பம்" என்ற தெளிவற்ற சொல் நீக்கப்பட்டு, "ஆயுதம் தாங்கிய கலகம்" என்று மாற்றப்பட்டது. மந்திரிசபை எழுத்துமூலம் ஆலோசனை தந்தால்தான் ஜனாதிபதி பிரகடனம் செய்யலாம். ஒரு மாதத்துக்குள் பார்லிமென்டின் இரு சபைகளும் அங்கீகரிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மீண்டும் அங்கீகாரம் வேண்டும். லோக்சபை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர் கேட்டால், பிரகடனத்தை ரத்து செய்வது பற்றி ஆலோசிக்க விசேஷக் கூட்டம் கூட்டியாக வேண்டும். உயிர் வாழும் உரிமையைத் தரும் 21-ஆவது ஷரத்தை எந்த நெருக்கடியிலும் நிறுத்தி வைக்க முடியாது.

ஆனால் அதே திருத்தத்தில் ஒரு பகுதி இன்று வரை அமலுக்கு வரவேயில்லை. விசாரணையின்றிக் காவலில் வைப்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் பகுதி அது. ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒருவரை அடைத்து வைக்கும் கால வரம்பை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைப்பது அதன் நோக்கம். பார்லிமென்ட் நிறைவேற்றிய திருத்தத்தை அமல்படுத்தும் தேதியை மத்திய அரசு அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. எத்தனையோ கட்சிகள் ஆண்டுவிட்டன. நெருக்கடி நிலையில் சிறை சென்றதைச் சொல்லி வாக்குக் கேட்டவர்களும் ஆண்டார்கள். ஒருவரும் தேதி குறிக்கவில்லை. ஜூன் 25-ஆம் தேதி விழா எடுக்கிறவர்கள் அந்த ஒரு கெஜட் அறிவிப்பை வெளியிட்டாலே பெரிய அஞ்சலியாக இருக்கும்.

பெரிய சங்கிலிக்குப் பூட்டு விழுந்ததும், சின்னச் சங்கிலிகள் பெருகிவிட்டன. 1977-க்குப் பிறகு தேசிய அளவில் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்படவில்லை. அதற்கு அவசியமே இல்லாமல் போய்விட்டது என்று சொன்னாலும் தவறில்லை. மிசா 1978-இல் ஒழிந்தது. 1980-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விசாரணையின்றி 12 மாதம் வரை அதில் உள்ளே வைக்கலாம். ஐந்து பேர் கூடக்கூடாது என்ற பழைய 144, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆவது பிரிவு. பெயர் மாறியது, உத்தரவு மாறவில்லை. மகாராஷ்டிரத்தில் 1951-ஆம் ஆண்டின் போலீஸ் சட்டம் 37-ஆவது பிரிவு இருக்கிறது. அதன்படி போடும் தடை, மாநில அரசின் அனுமதி இல்லாமல் 15 நாளுக்கு மேல் செல்லாது. ஆலை வாசலில் கூடி நின்று கோரிக்கையைப் பேசுகிற எத்தனை தொழிலாளர்களுக்கு, இன்று தடை இருக்கிறதா, எந்தத் தேதியில் அது முடிகிறது என்பது தெரியும்?

தமிழ்நாடும் இதில் சளைத்ததல்ல. 2003 ஜூலையில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தைக் கடுமையாக்கி ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் கூண்டோடு வேலை நீக்கம் செய்யப்பட்டார்கள். 1974-இல் ரயில்வேயில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் தங்கள் வாழ்நாளிலேயே அதை மீண்டும் பார்த்தார்கள். பெரும்பாலோர் பிறகு வேலைக்குத் திரும்பினார்கள் என்பது உண்மை. ஆனால் திரும்ப வேலை கொடுத்ததைக் கருணை என்று வரவு வைத்தார்களே தவிர, நீக்கியதற்குக் கணக்குக் காட்டவில்லை.

தூத்துக்குடியை மறக்க முடியுமா? மும்பைத் தமிழர்களில் பெரும் பகுதியினருக்கு நெல்லைச் சீமைதான் பூர்வீகம் என்பதால், அந்தச் செய்தி வந்த நாளில் தாராவியின் தெருக்களில் எழுந்த பதைப்பை விளக்க வேண்டியதில்லை. 2018 மே 22-ஆம் தேதி, ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். முந்தின இரவே 144 தடை உத்தரவு போடப்பட்டது. மறுநாள் ஊர்வலம் சென்றவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. 13 உயிர்கள் பலியாயின. அதைத் தொடர்ந்து தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களில் இன்டர்நெட் நிறுத்தப்பட்டது. ஊரில் தம்பி உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் இங்கே அண்ணன் தவித்தான். நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் நான்கு ஆண்டுகள் விசாரித்தது. அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபையில் வைக்கப்பட்டது. போலீஸ் அதிகாரிகள் மீதும், மாவட்ட நிர்வாகத்தில் இருந்தவர்கள் மீதும் நடவடிக்கைக்குப் பரிந்துரை செய்தது. கமிஷன் எழுதியதும் கடமை முடிந்தது என்று அரசாங்கம் எண்ணினால், அறிக்கை என்பது இறந்தவர்களுக்கு நடத்தும் காகிதத் திதியாகவே போய்விடும்.

நீதிமன்றங்கள் சில நேரங்களில் கார்டு வேலையைச் செய்திருக்கின்றன. 2011 ஜூனில், டில்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்த உண்ணாவிரதக் கூட்டத்தின் மீது, நள்ளிரவில் தடை உத்தரவைக் காட்டிப் போலீஸ் பாய்ந்தது. 2012-இல் சுப்ரீம் கோர்ட் அதைக் கண்டித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தர உத்தரவிட்டது. 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் இன்டர்நெட் நிறுத்தப்பட்டபோது ஒரு பத்திரிகை ஆசிரியை வழக்குத் தொடுத்தார். தடை உத்தரவுகளின் நகல்களை முழுவதுமாகக் கோர்ட்டில் வைக்கக்கூட அரசாங்கம் முன்வரவில்லை. மாதிரிக்குச் சிலவற்றையே காட்டியது. 2020 ஜனவரி 10-ஆம் தேதித் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட், இத்தகைய உத்தரவுகளை வெளியிட்டே தீர வேண்டும், முடிவின்றி நீட்டிக்கக்கூடாது, நியாயமான எதிர்ப்புக் குரலை நசுக்க 144-ஐப் பயன்படுத்தக்கூடாது என்றெல்லாம் கூறியது. தீர்ப்பு சொன்னது சரி. ஆனால் தீர்ப்பு வந்தபோது ஐந்து மாதம் ஓடிவிட்டது. வண்டி மறு ஸ்டேஷனுக்குப் போன பிறகு வந்து சேரும் கார்டு என்ன செய்ய முடியும்?

வெளி மாநிலத்தில் பிழைக்க வந்தவர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்குத்தான் அதிக அக்கறை இருக்க வேண்டும். தடை உத்தரவு விழுந்தால் முதலில் நிற்பது தினக்கூலி. இன்டர்நெட் நின்றால், செல்போன் மூலம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவரின் வீட்டில் அடுப்பு எரியாது. கூட்டத்தில் பிடிபட்டால் எப்.ஐ.ஆர். மராத்தியில் இருக்கும், ஜாமீன் கொடுக்கச் சொந்தக்காரர் இருக்க மாட்டார், "வெளியூர்க்காரன் வந்து கலவரம் செய்கிறான்" என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும். 2020 மார்ச் 24-ஆம் தேதி, பேரிடர் நிர்வாகச் சட்டத்தின் அதிகாரத்தை வைத்து, நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு முழுவதும் பூட்டப்பட்டது. ஏப்ரல் 14-ஆம் தேதி, பாந்திரா ஸ்டேஷன் அருகே, ஊருக்குப் போக வண்டி விடுங்கள் என்று கேட்டுத் திரண்ட தொழிலாளர்கள் மீது தடியடி நடந்தது. அவர்கள் கேட்ட வண்டி மே மாதம் வந்தது. நோய் பெரிது, ஊரடங்கு அவசியம் என்றே வைத்துக்கொள்வோம். வண்டி கேட்டவன் முதுகில் விழுந்த தடிக்கு எந்தப் பேரிடர் காரணம்?

அரசாங்கத்தின் பக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும். ஊரில் கலவரம் மூண்டால், கடைகள் எரிந்தால், வதந்தி கிளப்பி ஒரு சமூகத்தை மற்றொன்றின் மீது ஏவிவிட்டால், போலீஸ் கைகட்டி நிற்க முடியாது. அப்போது தடை உத்தரவு உயிரைக் காக்கும். போராட்டம் என்ற பெயரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியை அடைப்பதும், பஸ்ஸைக் கொளுத்துவதும் எவருக்கும் உரிமையாகாது. 1974-இல் வண்டி ஓடாததால் நிஜமாகவே துன்பப்பட்ட பிரயாணிகள் உண்டு. ஆகவே பெட்டியிலிருந்து அபாயச் சங்கிலியையே கழற்றிவிடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. சங்கிலி இருக்கட்டும். இழுத்தவர் காரணம் சொல்லட்டும் என்பதே கோரிக்கை.

இது நடக்காத காரியம் அல்ல. கனடாவில் 2022 பிப்ரவரி 14-ஆம் தேதி, தலைநகரை லாரிகளால் அடைத்த போராட்டத்தை ஒடுக்க அந்நாட்டு அரசு நெருக்கடிச் சட்டத்தைக் கையில் எடுத்தது. ஒன்பது நாளில் திரும்பப் பெற்றது. அந்தச் சட்டத்திலேயே, நெருக்கடி முடிந்த 60 நாட்களுக்குள் விசாரணை தொடங்க வேண்டும், 360 நாட்களுக்குள் அறிக்கை பார்லிமென்டின் முன் வர வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதன்படி விசாரணை நடந்தது. பதவியில் இருந்த பிரதமரே வந்து, பிரமாணம் எடுத்து, குறுக்கு விசாரணைக்குப் பதில் சொன்னார். அரசு செய்தது சட்டத்துக்கு உட்பட்டதே என்று அந்தக் கமிஷன் 2023-இல் கருதியது. நியாயமற்றது என்று ஃபெடரல் கோர்ட் நீதிபதி 2024-இல் தீர்ப்பளித்தார். முடிவில் கருத்து வேற்றுமை இருக்கலாம். ஆனால் பதில் சொல்ல மாட்டேன் என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார அங்கே இடமில்லை. ஆட்சி மாறினால்தான் விசாரணை என்ற நிலையும் இல்லை.

இந்தியாவிலும் அப்படி ஒரு விதி வேண்டும். தடை உத்தரவு எதுவானாலும், போடும்போதே காரணத்தை எழுதி, மக்கள் பேசும் மொழிகளில் பகிரங்கமாக வெளியிட வேண்டும். எந்தத் தேதியில் முடிகிறது என்பது அதிலேயே இருக்க வேண்டும். நீட்டித்தால், நீட்டிப்புக்கான காரணம் சட்டசபையின் முன் வைக்கப்பட வேண்டும். துப்பாக்கிச்சூடு நடந்தாலோ, இன்டர்நெட் நிறுத்தப்பட்டாலோ, விசாரணை தானாகவே தொடங்க வேண்டும். கமிஷன் போடலாமா வேண்டாமா என்பது ஆளும் கட்சியின் தயவில் இருக்கக்கூடாது. அறிக்கை வந்த ஆறு மாதத்துக்குள் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அரசு சொல்ல வேண்டும். உத்தரவு தவறு என்று தெரிந்தால், பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடும், உத்தரவிட்டவருக்குத் தண்டனையும் கிடைக்க வேண்டும். கல்லாவில் பத்து ரூபாய் குறைந்தால் புக்கிங் கிளார்க் தன் சம்பளத்திலிருந்து கட்டுகிறார். 13 உயிர் குறைந்தால் கணக்குக் கொடுக்க வேண்டாமா?

இதை எந்தக் கட்சியும் தானாகக் கொண்டுவராது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது கசக்கும் சட்டம், நாற்காலியில் அமர்ந்ததும் இனிக்கிறது. ஆகவே கேட்க வேண்டியவர்கள் மக்கள்தாம். அதற்குப் பெரிய பதவி வேண்டியதில்லை. தடை உத்தரவின் நகலைத் தாருங்கள், எந்தக் காரணத்துக்காக யார் போட்டார்கள் என்று சொல்லுங்கள் எனத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் எவரும் கேட்கலாம். ஒரு தொழிற்சங்கம் கேட்கலாம். ஒரு தமிழ்ச் சங்கம் கேட்கலாம். வாக்குக் கேட்டுச் சாளுக்கு வரும் வேட்பாளரிடம், தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்பதோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம்.

1974-இல் ரயில்வே தொழிலாளிக்காக மற்றவர்கள் கேட்கவில்லை. 1975-இல் எல்லாருக்காகவும் கேட்க ஆளில்லாமல் போயிற்று. அந்தப் பாடத்துக்கு நாடு கொடுத்த விலை மிக அதிகம். வண்டியை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருந்தாலும் இருக்கட்டும். நின்ற வண்டியிலிருந்து இறங்கி, பெட்டி பெட்டியாக வந்து, "யார் இழுத்தது? எதற்காக?" என்று கேட்கும் கார்டாகக் குடிமக்கள் இருக்க வேண்டும். பதில் வரும் வரை பச்சைக்கொடி காட்டக்கூடாது.